வெளிநாடு செல்கிறீர்களா? குறைந்த செலவில் மொபைல் போன் வசதி!

பாலக்கோட்டில் இருந்து கிளம்பும்போது அம்மாவின் பையில் எல்லாம் சரியாக இருந்தது. கேழ்வரகு மாவு இரண்டு கிலோ, பிள்ளை பெற்றவளுக்கான லேகியம், பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்த துணிகள், பாஸ்போர்ட், விசா காகிதம். கூடவே, நான் ரோமிங் பேக் போட்டுக் கொடுத்த அவருடைய பட்டன் போன். சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்கு அது நிறைமாதம். அம்மா தனியாக விமானம் ஏறுவது அதுவே முதல் முறை.

பெங்களூரு விமான நிலையத்தில் வழியனுப்பும்போது நான் சொன்ன அறிவுரை இதுதான்: "இறங்கியதும் போனை ஆன் பண்ணும்மா. மாமாவே கூப்பிடுவார். அவர் பேசின பிறகு வெளியே வந்தால் போதும்."

அம்மா சொன்ன சொல் தவறாதவர். காலையில் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினார். போனை ஆன் செய்தார். பெட்டியை எடுத்துக் கொண்டு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். போனில் ஒரு சிக்னல் கோடு கூட வரவில்லை. வெளியே மாமா கூப்பிட்டுக் கொண்டே இருக்கிறார். "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற பதிலே திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, அங்கே துப்புரவு வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பெண்மணி விஷயத்தைக் கேட்டுத் தன் போனைக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அப்பாவுடையது. சாங்கியில் இருந்து பாலக்கோட்டுக்கு ஒரு கால். பாலக்கோட்டில் இருந்து பெங்களூருவில் எனக்கு ஒரு கால். நான் சிங்கப்பூரில் மாமாவுக்கு ஒரு கால். இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு கண்ணாடிக் கதவு மட்டும்!

நான் சாஃப்ட்வேர் என்ஜினியர். ஆறு ஆண்டுகளாக இதே துறையில் வேலை. அப்படியிருந்தும் ஒரு சின்ன விஷயத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன். அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்கவும், வெளிநாட்டுப் பயணத்தில் போன் செலவைக் குறைக்கவும் இந்தக் கட்டுரை உதவும்.

போன் ஏன் எடுக்கவில்லை?

குறை சிம் கார்டிலும் இல்லை, ரோமிங் பேக்கிலும் இல்லை. அம்மாவின் பட்டன் போன் 2ஜி மட்டும் அறிந்த போன். பாலக்கோட்டில் 2ஜி சிக்னல் இருப்பதால் அது பல ஆண்டுகளாக ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். 2024இல் 3ஜி சேவைக்கும் மூடுவிழா நடத்திவிட்டார்கள். இப்போது அங்கே 4ஜியும் 5ஜியும் மட்டுமே. அம்மாவின் போன் பேசும் மொழியைக் கேட்க அங்கே ஒரு டவர் கூட இல்லை.

போன் வாங்கும்போது கடைக்காரர் "எந்த நாட்டுக்குப் போனாலும் எடுக்கும் சார்" என்றுதான் சொன்னார். 2005 வாக்கில் அது ஓரளவு உண்மை. அப்போது வெளிநாடு செல்வோருக்குச் சொல்லப்பட்ட அறிவுரையே வேறு. "உங்கள் போன் ட்ரை-பேண்ட் போனா, குவாட்-பேண்ட் போனா என்று பாருங்கள்" என்பார்கள். இந்தியா, ஐரோப்பா, ஆசிய நாடுகளில் ஜி.எஸ்.எம். போன்கள் 900, 1800 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்கின. அமெரிக்காவில் 850, 1900. நான்கும் இருந்தால் குவாட்-பேண்ட். ஜப்பானிலும் தென் கொரியாவிலும் ஜி.எஸ்.எம். சேவையே கிடையாது. 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் தொடங்கிய சி.டி.எம்.ஏ. போன்களை வைத்திருந்தவர்கள் பாடு தனிக்கதை.

இன்று கேட்க வேண்டிய கேள்வி மாறிவிட்டது. அலைவரிசையை விட, போன் எந்தத் தலைமுறை என்பதே முக்கியம். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இல் 3ஜியை மூடின. மலேசியா 2021 இறுதியில் மூடியது. ஆஸ்திரேலியா 2024இல் மூடியது. எனவே வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனைத் தூசு தட்டிக் கொடுத்து அனுப்புவது இனி உதவாது.

முதலில் போனைச் சோதியுங்கள்

டிக்கெட் பதிவு செய்த அன்றே இந்த நான்கு சோதனைகளையும் செய்திடவும்.

1. போன் 4ஜி வகையா? பட்டன் போன்களிலும் 4ஜி உள்ளவை கிடைக்கின்றன. போன் வந்த அட்டைப் பெட்டியில் 4ஜி அல்லது எல்.டி.இ. என்று அச்சிடப்பட்டிருக்கும். பெட்டி இல்லையென்றால், வீட்டுக் கம்ப்யூட்டரில் தயாரிப்பு நிறுவனத்தின் இணைய தளத்திற்குச் சென்று, போனின் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள்.

2. வோல்ட்-இ வசதி உள்ளதா? 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் முறை இது. 2ஜி, 3ஜி இரண்டும் இல்லாத நாட்டில், இந்த வசதி இல்லாத போனில் இன்டர்நெட் வரும். ஆனால் சாதாரணக் கால் போகாது, வராது. வீட்டிலேயே செட்டிங்ஸ் பிரிவில் வோல்ட்-இ ஆன் ஆகியிருக்கிறதா எனப் பாருங்கள். நீங்கள் போகும் நாட்டில் ரோமிங்கின்போதும் வோல்ட்-இ கிடைக்குமா என்று உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுவிடுங்கள்.

3. போன் லாக் ஆகியுள்ளதா? இந்தியாவில் கடையில் வாங்கிய போன்களில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் கொடுத்தனுப்பிய போன் என்றால் கவனம் தேவை. அங்கே மாதத் தவணையில் வாங்கிய போன்கள் அந்த ஒரு நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கலாம். வேறு நிறுவன சிம் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று: 2022இல் வந்த ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் கார்டு செருகும் இடமே கிடையாது. அவற்றில் இ-சிம் மட்டும்தான்.

4. இரண்டு சிம் இடம் உண்டா? போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள் வந்தால் இரண்டு சிம் வசதி உள்ளது. அதே திரையில் இ.ஐ.டி. என்று 32 இலக்க எண்ணும் வந்தால் உங்கள் போன் இ-சிம்மை ஏற்றுக்கொள்ளும். இந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் புகார் கொடுக்கத் தேவைப்படும்.

நான்கு வழிகள்

வெளிநாட்டில் பேசுவதற்கு இன்று நான்கு வழிகள் உள்ளன. எது மலிவு என்பது நீங்கள் எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் வழி: இந்திய சிம்மிலேயே ரோமிங் பேக். கிளம்பும் முன் ரீசார்ஜ் செய்துவிட்டால் போதும். எண் மாறாது. இறங்கியவுடன் வேலை செய்யும். கடை தேட வேண்டாம். ஆனால் நாள் கணக்கில் பார்த்தால் செலவு அதிகம். மூன்று, நான்கு நாள் பயணத்திற்கும், முதல் முறை தனியாகச் செல்லும் பெரியவர்களுக்கும் ஏற்றது. பேக் எதுவும் போடாமல் ரோமிங்கில் டேட்டாவைத் திறந்துவிட்டால், ஒரே நாளில் ஒரு மாத பில் வந்துவிடும்.

இரண்டாம் வழி: அந்த நாட்டு பிரீபெய்ட் சிம். ஒரு வாரத்திற்கு மேல் தங்குபவர்களுக்கு இதுவே மலிவு. பல நாடுகளின் விமான நிலையங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கான சிம் கிடைக்கிறது. பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். ஒரு விஷயம்: விமான நிலையத்தில் விற்கும் பேக்கை விட, ஊருக்குள் கடைகளில் மலிவான பேக் கிடைக்கக்கூடும். அவசரம் இல்லையென்றால் விசாரித்து வாங்குங்கள்.

மூன்றாம் வழி: பயண இ-சிம். கார்டு எதுவும் கிடையாது. பணம் கட்டியதும் ஒரு க்யூ.ஆர். கோடு உங்கள் மெயிலுக்கு வரும். போன் கேமராவில் அதனைக் காட்டினால் இணைப்பு போனுக்குள் பதிந்துவிடும். மூன்று நான்கு நாடுகளைச் சுற்றுபவர்களுக்கு, எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே இ-சிம் வசதியாக இருக்கும். ஆனால் இவற்றில் பல டேட்டா மட்டும் தருபவை. பேசுவதற்கு எண் கிடையாது. வாட்ஸ்அப் போன்றவற்றில்தான் பேச வேண்டும். வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்க தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி பெறாத இரண்டு வெளிநாட்டு இ-சிம் செயலிகள், 2024 ஜனவரியில் இந்திய ஆப் ஸ்டோர்களில் இருந்து நீக்கப்பட்டன. எனவே விளம்பரத்தைப் பார்த்தவுடன் பணம் கட்டாமல், அனுமதி உள்ள நிறுவனமா என்று பார்த்து வாங்குங்கள்.

நான்காம் வழி: வை-பி மட்டும். விமான நிலையம், தங்கும் விடுதி, உறவினர் வீடு ஆகிய இடங்களில் வை-பி இருக்கும். செலவே இல்லை. ஆனால் வழியில் சிக்கிக்கொண்டால் போன் வெறும் கடிகாரம்தான். இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பொது வை-பியில் வங்கி வேலைகளையும் செய்யாதீர்கள்.

கணக்குப் போடுவது எப்படி?

பேக்கின் மொத்த விலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு நாளைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு கணக்குக்காக எடுத்துக் கொள்வோம். பத்து நாள் ரோமிங் பேக் 3,000 ரூபாய் என்றால் நாளுக்கு 300 ரூபாய். 28 நாள் உள்ளூர் சிம் 1,000 ரூபாய் என்றால் நாளுக்கு 36 ரூபாய்க்கும் குறைவு. மூன்று நாளில் திரும்பி வருபவருக்கு இந்த 1,000 ரூபாய் நாளுக்கு 333 ரூபாய் ஆகிவிடும். மூன்று நாளுக்கான சிறிய ரோமிங் பேக் அதை விட மலிவாக இருந்தால் அதுவே போதும். விலைகள் அடிக்கடி மாறும். எனவே பயணத்திற்கு முந்தைய வாரம், உங்கள் நிறுவனத்தின் தளத்தில் போகும் நாட்டைத் தேர்ந்தெடுத்து, அன்றைய விலையை வைத்து இந்தக் கணக்கைப் போடவும்.

எவ்வளவு டேட்டா தேவை? வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடம் குரலில் பேச ஏறத்தாழ அரை எம்.பி. போதும். வீடியோவில் பேசினால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 எம்.பி. ஆகும். தினமும் அரை மணி நேரம் வீடியோவில் பேசினாலும் 150 எம்.பி. தான். ஒரு மாதத்திற்கு நாலரை ஜி.பி. இதற்காக 100 ஜி.பி. பேக் வாங்க வேண்டியதில்லை. டேட்டாவை விழுங்குவது வீடியோ பார்ப்பதும், நமக்குத் தெரியாமல் பின்னணியில் நடக்கும் அப்டேட்களும்தான்.

இந்திய சிம்மைக் கழற்றி வைக்காதீர்கள்

இரண்டாவது பாடத்தையும் அம்மாவின் பயணத்தில்தான் படித்தேன். போய்ச் சேர்ந்த அன்று மாலையே அக்கா தன்னுடைய பழைய ஸ்மார்ட் போனில் ஒரு சிங்கப்பூர் சிம்மைப் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டார். பட்டன் போன் பெட்டிக்குள் போனது. இந்திய சிம்மை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்து எங்கோ வைத்துவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள், அம்மாவின் நகைக் கடனுக்கு வட்டி கட்டக் கடைசி நாள் நெருங்கியது. நெட் பேங்கிங்கில் கட்டலாம் என்று அக்கா உட்கார்ந்தார். எல்லாம் சரியாகப் போய், கடைசியில் "உங்கள் பதிவு செய்த எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியுள்ளோம்" என்று வந்தது. அந்த எண்ணுக்குரிய சிம் எங்கே? வீடு முழுவதும் தேடினார்கள். மறுநாள் அது அம்மாவின் குங்குமச் சிமிழுக்குள் கிடைத்தது. அதை ஸ்மார்ட் போனின் இரண்டாவது இடத்தில் போட்டார்கள். சில நிமிடங்களில் ஓ.டி.பி. வந்தது. வட்டியும் கட்டியாகிவிட்டது. அந்த ஒன்றரை நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா பிறகு சொன்னார்.

எனவே இரண்டு சிம் போனில் இந்திய சிம்மும் அந்த நாட்டு சிம்மும் சேர்ந்தே இருக்க வேண்டும். ரோமிங் வசதி திறந்திருந்தால் எஸ்.எம்.எஸ். பெறுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ரோமிங்கை இந்தியாவில் இருக்கும்போதே ஆக்டிவேட் செய்துவிடுங்கள். அங்கே போன பிறகு செய்ய முயன்றால், அதற்கும் ஓ.டி.பி. கேட்கும், அது வராது.

யு.பி.ஐ. செயலிகளும் பதிவு செய்த சிம் போனில் இருக்கிறதா என்று பார்க்கின்றன. வாட்ஸ்அப் போன்ற செயலிகளும், பதிவு செய்த சிம் போனில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆக, எந்த வகையில் பார்த்தாலும் இந்திய சிம் போனுக்குள் இருப்பதே பாதுகாப்பு.

வேலைக்காக ஆண்டுக்கணக்கில் செல்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தொடர்ந்து 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய் கூட இல்லாத பிரீபெய்ட் எண் துண்டிக்கப்படலாம். பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் வங்கிக் கணக்கு அந்த எண்ணோடு இணைந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் இருப்பவர்களிடம் சொல்லி, சிம் உயிரோடு இருப்பதற்கான குறைந்தபட்ச ரீசார்ஜை விடாமல் செய்து வரவும்.

இறங்கியதும் செய்ய வேண்டிய செட்டிங்ஸ்

ஆண்ட்ராய்டு போன்களில் பெயர்கள் சற்று மாறினாலும் வழி ஒன்றுதான்.

1. செட்டிங்ஸ் சென்று, சிம் கார்டுகள் என்னும் பிரிவைத் திறக்கவும்.
2. மொபைல் டேட்டாவுக்கான சிம்மாக உள்ளூர் சிம்மைத் தேர்ந்தெடுக்கவும்.
3. இந்திய சிம்மின் மீது தட்டி, டேட்டா ரோமிங் என்பதை ஆஃப் செய்திடவும். பேசுவதற்கும் எஸ்.எம்.எஸ். பெறுவதற்கும் இது தடையாக இருக்காது. (இந்திய ரோமிங் பேக்கில் டேட்டா வாங்கியிருந்தால் மட்டும் இதை ஆன் செய்ய வேண்டும்.)
4. டேட்டா சிம்மைத் தானாக மாற்றும் வசதி இருந்தால் அதையும் ஆஃப் செய்திடவும்.
5. வெளியே போகும் கால்களுக்கும் உள்ளூர் சிம்மைத் தேர்ந்தெடுக்கவும்.
6. ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில், செயலிகளை வை-பியில் மட்டும் அப்டேட் செய்யும்படி அமைத்திடவும்.

சிம் தட்டைத் திறக்கும் ஊசியை மறக்காதீர்கள். மறந்தாலும் கவலை இல்லை. மெல்லிய ஊக்கு இருந்தால் போதும். அம்மாவிடம் அது எப்போதும் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

வருகிற காலுக்கும் காசு: இந்தியாவில் நமக்கு வரும் கால் இலவசம். ரோமிங்கில் அப்படி இல்லை. ஊரில் இருந்து யாராவது சும்மா கூப்பிட்டு, "என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்டாலும், எடுத்துப் பேசினால் உங்கள் பேக்கில் நிமிடம் குறையும். வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லுங்கள்.

கால் டைவர்ட்: உங்களுக்கு வரும் காலை வேறு எண்ணுக்குத் திருப்பி விட்டிருந்தால், அதற்கும் ரோமிங்கில் கட்டணம் விழலாம். கிளம்பும் முன் ##002# என்று டயல் செய்தால் எல்லா டைவர்ட்களும் நீங்கிவிடும்.

விமானத்திற்குள்: சில விமானங்களிலும் உல்லாசக் கப்பல்களிலும் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் தனி நெட்வொர்க் உண்டு. போனை ஃப்ளைட் மோடில் போடாமல் விட்டால் அது அந்த நெட்வொர்க்கைப் பிடித்துக் கொள்ளும். சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் இங்கே செல்லாது.

எல்லை ஓரங்கள்: தனுஷ்கோடிக்குச் சென்றவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். போன் இலங்கை டவரைப் பிடித்துக் கொண்டு வரவேற்பு எஸ்.எம்.எஸ். அனுப்பும். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பக்கம் போனால் மலேசிய டவரும் இப்படித்தான் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த இடங்களில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு, நீங்களே தேர்ந்தெடுங்கள்.

நாட்டுக்கு நாடு

சிங்கப்பூர்: சிங்டெல், ஸ்டார்ஹப் போன்ற நிறுவனங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கான பிரீபெய்ட் சிம் விற்கின்றன. ஒருவர் பெயரில் மூன்று பிரீபெய்ட் சிம்களுக்கு மேல் தரமாட்டார்கள். அங்குள்ள போன் எண்கள் எட்டு இலக்கம். நாட்டுக் குறியீடு +65. ஆம்புலன்சுக்கு 995, போலீசுக்கு 999.

இலங்கை: கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே டயலாக், மொபிடெல் கவுன்டர்கள் உள்ளன. 2024 பிப்ரவரியில் இலங்கையில் யு.பி.ஐ. பணப் பரிமாற்றமும் தொடங்கப்பட்டது. இதற்கும் உங்கள் இந்திய சிம் போனில் இருக்க வேண்டும்.

ஐக்கிய அரபு எமிரேட்ஸ்: துபாய், அபுதாபிக்கு வேலைக்குச் செல்பவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம். ஆனால் குரல், வீடியோ அழைப்புகள் தடுக்கப்பட்டுள்ளன. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். கிளம்பும் முன் வீட்டில் உள்ளவர்களின் போனிலும் அதே செயலியை நிறுவிப் பேசிப் பாருங்கள். வி.பி.என். போட்டுத் தடையைத் தாண்டலாம் என்று அறைத் தோழர்கள் சொல்வார்கள். அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

ஐரோப்பா: 2017 ஜூன் 15 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நாட்டில் வாங்கிய சிம்மை மற்ற உறுப்பு நாடுகளிலும் ரோமிங் கட்டணம் இன்றிப் பயன்படுத்தலாம். ஜெர்மனியில் வாங்கிய சிம் பிரான்சிலும் இத்தாலியிலும் ஓடும். சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் இந்த ஒன்றியத்தில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்து வைக்க வேண்டியவை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது நல்ல பயிற்சியும் கூட.

முதலில் எண்கள். போனில் உள்ள எண்கள் கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால், கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள புள்ளிக் கட்டத்தில் கிளிக் செய்து, கான்டாக்ட்ஸ் பிரிவிற்குச் செல்லவும். அங்கே எக்ஸ்போர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, சி.எஸ்.வி. பைலாக இறக்கிக் கொள்ளவும். எக்ஸெல்லில் திறந்தால் எல்லா எண்களும் பட்டியலாக வரும். முக்கியமான பத்து எண்களுக்கு முன்னால் +91 இருக்கிறதா எனப் பாருங்கள். வெறும் பத்து இலக்கமாகச் சேமித்த எண்ணுக்கு வெளிநாட்டில் இருந்து கால் போகாது. பல போன்களில் 0 என்ற பட்டனை அழுத்திப் பிடித்தால் + வரும்.

அடுத்து, இ-சிம் வாங்கினால் வந்த க்யூ.ஆர். கோடை பிரின்ட் எடுத்துக் கொள்ளுங்கள். கோடு வந்த போனின் கேமராவாலேயே அதே போனின் திரையைப் படம் பிடிக்க முடியாது அல்லவா? கம்ப்யூட்டர் திரையிலோ காகிதத்திலோ இருந்தால் எளிது. வீட்டு வை-பியில் இருக்கும்போதே பதிந்து வைத்து, இறங்கியதும் ஆன் செய்யலாம். செல்லுபடி நாள் பதிந்த அன்றே தொடங்குமா, அந்த நாட்டு டவரைப் பிடித்த பிறகு தொடங்குமா என்பதை மட்டும் படித்துப் பாருங்கள். பதிந்த இ-சிம்மை டெலீட் செய்துவிடாதீர்கள். பல இ-சிம்களின் கோடு ஒரு முறைதான் செல்லும்.

கடைசியாக, பாஸ்போர்ட், விசா, டிக்கெட் ஆகியவற்றை ஸ்கேன் செய்து மெயிலில் ஒரு பிரதி வைத்திடவும். போன் தொலைந்தால், 2023 மே மாதம் தொடங்கப்பட்ட அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து அதனை இந்தியாவில் முடக்கலாம். வெளிநாட்டில் தொலைந்தால் அங்குள்ள போலீசிலும் புகார் கொடுக்க வேண்டும்.

ஒரு காகிதம் போதும்

இவ்வளவு தொழில்நுட்பம் பேசிய பிறகு, நான் இப்போது எல்லோருக்கும் சொல்லும் முதல் அறிவுரை தொழில்நுட்பமே இல்லாதது. ஒரு வெள்ளைக் காகிதத்தில், பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் இவற்றை எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள்:

போகும் வீட்டின் முகவரி. அழைத்துப் போக வருபவரின் பெயர், எண். ஊரில் இருவரின் எண்கள், +91 சேர்த்து. "என் போன் வேலை செய்யவில்லை. தயவு செய்து இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்கும் கீழே தமிழில், "போன் எடுக்காவிட்டாலும் பெட்டியை எடுத்துக் கொண்டு வெளியே வந்துவிடவும். வாசலிலேயே நிற்பார்கள்."

அந்தக் கடைசி வரியை நான் அன்று சொல்லியிருந்தால் அம்மா ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார்.

சிம் கிடைத்த அதே வாரம், அதிகாலை மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ அழைப்பு மணி அடித்தது. அக்காவுக்கு வலி எடுத்ததாக இரவே தகவல் வந்திருந்ததால், அப்பா கம்ப்யூட்டரை அணைக்காமல் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூரில் அப்போது ஐந்தரை மணி. திரையில் முதலில் மருத்துவமனையின் கூரை தெரிந்தது, பிறகு அம்மாவின் விரல், அதற்குப் பிறகு பருத்திப் புடவைத் துணிக்குள் சுற்றிய பேத்தி. அப்பா மவுசைக் கையில் பிடித்துக் கொண்டே, "கொஞ்சம் கிட்டக் காட்டு" என்றார். அம்மா கிட்டக் காட்டினார்.

அந்த அழைப்பு நாற்பது நிமிடம் நீடித்தது. ஆன டேட்டா ஏறத்தாழ 200 எம்.பி. தான்.